உக்குதல் என்னும் உயிர்த்தொழில்



மன்னார் மாவட்டத்தின் நானாட்டான் பகுதியிலே உள்ள ஊர் நறுவிலிக்குளம். இப்பக்கத்து வயல்களிலே பெரும்போக அறுவடை முடிந்தபின் தாளும் வைக்கோலும் எங்கும் கிடக்கும். மாட்டுச் சாணமும் உதிர்ந்த இலையும் அவற்றோடு சேரும். ஆண்டுதோறும் சேருபவை யாவும் அவ்வாறே எஞ்சியிருந்தால் உழுவதற்கு நிலம் ஏது? அவை எங்கே போகின்றன?

பிரிகையாக்கிகள் எனப்படும் உயிர்களின் தொழிலிலேதான் இதற்கு விடை உள்ளது. சாணத்தை வண்டு புதைக்கிறது. இலையை மண்புழு உண்டு எருவாகக் கழிக்கிறது. சிறு துணிக்கைகளான பொருளின்மீது பங்கசும் பற்றீரியாவும் படிந்து, நொதியங்களைச் சுரந்து, அதனைக் கரைத்து உட்கொள்கின்றன. முடிவில் நைதரசனும் பொசுபரசும் வேர் உறிஞ்சத்தக்க எளிய வடிவில் மண்ணுக்கு மீளுகின்றன.

நாம் வெறுக்கும் கறையானும் இத்தொழிலாளருள் ஒன்றே. புற்றுக் கட்டும் கறையானின் கூட்டினுள்ளே கடற்பஞ்சு போன்றதொரு பொருளைக் காணலாம். அது கறையான் வளர்க்கும் பங்கசுத் தோட்டம். தன்னால் எளிதிற் செரிக்கவியலாத மரத்துகளை அப்பங்கசைக் கொண்டு பதப்படுத்தியே அது உண்கிறது. மழைக்குப்பின் புற்றில் முளைக்கும் காளான் அத்தோட்டத்தின் விளைவேயாகும்.

கடலோரத்திலும் இதுவே நியதி. 2010ஆம் ஆண்டில் இராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயம் அண்மையிலே உள்ளது. அத்தகைய கரைகளில் கண்டல் இலை சேற்றில் ஊறி உக்குகிறது. பற்றீரியா படிந்த அத்துணிக்கைகளை நண்டும் இறாலும் உண்கின்றன. அவற்றை மீன் உண்கிறது. மீனை நாடிப் பறவை வருகிறது. ஆகவே, மீனவரின் வலையில் விழும் இறாலுக்கும் உக்கிய இலைக்கும் உறவு உண்டு.

மீண்டும் வயலுக்கு வருவோம். வைக்கோலுக்குத் தீயிடுவோர் இத்தொழிலாளரின் உணவையே எரிக்கின்றனர். வைக்கோலிலுள்ள நைதரசன் பெரும்பாலும் புகையோடு போய்விடும். நெற்பயிர் உறிஞ்சிய பொற்றாசியத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலிலேயே உள்ளது. எரித்தபின் சாம்பலில் எஞ்சுவதையும் காற்றும் மழையும் கொண்டுபோகக்கூடும். பின்னர் அதே சத்தைப் பசளை மூட்டையாகப் பணங் கொடுத்து வாங்குகிறோம்!

ஆனால், வைக்கோலை உழுது புதைத்தவுடனே விதைப்பதும் நன்றன்று. உக்கும் வேளையிலே பற்றீரியா மண்ணிலுள்ள நைதரசனைச் சிலகாலம் தன்வயப்படுத்திக்கொள்ளும், பயிர் மஞ்சளிக்கும். ஆதலால், வைக்கோலைச் சாணத்துடன் குவித்து, ஈரமூட்டி, இடையிடையே புரட்டி, நன்கு உக்கியபின் வயலுக்கு இடுக.

கண்ணுக்குப் புலப்படாத இவ்வுயிர்கள் நம்மிடம் கூலி கேட்பதில்லை. அவற்றின் உணவுக்குத் தீ வையாதிருந்தாற் போதும்.