ஒரே கேபிளில் இரண்டு வேகம்

கேபிள் இணைய நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் சிஎம்டிஎஸ் என்றொரு கருவி உண்டு. ஒரு பகுதியிலுள்ள மோடம்களுக்கெல்லாம் தரவு கிளம்புவது அதன் இறங்குதிசை போர்ட்டிலிருந்துதான். அமெரிக்க முறையில், 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பல சேனல்களை அந்த போர்ட் ஒரே கேபிளில் ஏற்றி அனுப்புகிறது. அலையின் வீச்சையும் கட்டத்தையும் மாற்றித் தரவைப் பதிப்பதே பண்பேற்றம். 64-க்யூஏஎம் முறையில் ஒரு குறியீடு 6 பிட் சுமக்கும். 256-க்யூஏஎம் 8 பிட். ஒரு சேனலுக்கு நொடிக்குச் சுமார் 30 மெகாபிட், 43 மெகாபிட் என்று கணக்கு வரும். ஆனால் 64, 256 என்று அலையின் நிலைகள் பெருகப் பெருக அவற்றைப் பிரித்தறிவது கடினம். 64ஐக் காட்டிலும் 256க்கு ஏறத்தாழ 6 டெசிபெல் கூடுதல் தெளிவு வேண்டும். இரைச்சலை ஒப்பிடச் சிக்னல் நான்கு மடங்கு வலுவாக இருக்க வேண்டும் என்று பொருள்.

போர்ட் முழுவதற்கும் ஒரே பண்பேற்றம் வைப்பது பொறியாளருக்குச் சுலபம். ஆனால் கேபிள் எல்லா அதிர்வெண்ணையும் ஒன்றுபோல் நடத்துவதில்லை. அதிர்வெண் ஏற ஏற இழப்பும் ஏறும். பழைய ஆம்ப்ளிஃபயர் தன் வரம்பின் விளிம்பில் தள்ளாடும். தளர்ந்த கனெக்டர் வழியாக செல்பேசி அலை உள்ளே புகும். எட்டு சேனல்களில் மேலே உள்ள இரண்டு மட்டும் 256ஐத் தாங்கவில்லை என்று வையுங்கள். எல்லாவற்றையும் 64க்கு இறக்கினால் 343 மெகாபிட் 243 ஆகிவிடும். அந்த இரண்டை மட்டும் இறக்கினால் 318 கிடைக்கும். இரண்டு சேனலின் பலவீனத்துக்காக எட்டையும் தண்டிப்பது வீண்.

சேனலுக்குச் சேனல் வேகம் வேறுபட்டால், அவற்றில் பிரிந்து செல்லும் பாக்கெட்டுகள் வரிசை மாறி வருமே என்பார்கள். வரும்தான். 2006இல் வந்த டாக்சிஸ் 3.0 என்ற கேபிள் இணையத் தரநிலை ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசை எண் இட்டு, மோடமே அடுக்கிக்கொள்ள வைத்தது. விலை, சிறு தாமதம் மட்டுமே. கேபிளைச் சரிசெய்யாமல் வேகத்தைக் குறைப்பது பூசிமெழுகல் என்ற வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது: தளர்ந்த கனெக்டரை முறுக்கத்தான் வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் வரம்பு முறுக்கினால் நீளாது. 2013இல் வந்த டாக்சிஸ் 3.1 இந்தப் பாதையிலேயே இன்னும் தூரம் போனது. 192 மெகாஹெர்ட்ஸ் வரை அகலமான சேனலை ஆயிரக்கணக்கான துணை அலைகளாகப் பிரித்து, நல்ல இணைப்புள்ள வீட்டுக்கு 4096-க்யூஏஎம், மோசமான இணைப்புள்ள வீட்டுக்கு அதற்கேற்ற வேறு ப்ரொஃபைல் (பண்பேற்ற அமைப்பு) என்று பங்கிட அனுமதித்தது. அதற்காக ப்ரொஃபைல்களை அடுக்கிக்கொண்டே போவதும் தவறு. பொதுச் செய்திகள் எல்லா மோடமும் படிக்கக்கூடிய அடிப்படை ப்ரொஃபைலில்தான் போக வேண்டும், ஒவ்வொரு ப்ரொஃபைலும் தன் பங்குத் தரவு சேரும்வரை காத்திருக்கவும் நேரும். மூன்று நான்கு போதும்.

கேபிள் மோடம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் 192.168.100.1 என்ற முகவரியில் சேனல் பட்டியலைப் பார்க்கலாம். ஓரிரு சேனல்களில் மட்டும் 64 என்றிருந்தால் புகாருக்கு அவசரப்படாதீர்கள். திருத்த முடியாத பிழைகளின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் தயங்காமல் புகார் செய்யுங்கள்.