பாடம் இணையத்தில் ஏறும் முன்

வகுப்பறையில் நடக்கும் ஒரு மணி நேரப் பாடத்தை அப்படியே படம்பிடித்துத் தளத்தில் ஏற்றிவிட்டால் அது இணையவழிப் பாடம் ஆகிவிடாது. வகுப்பில் மாணவருக்குப் புரியவில்லை என்றால் ஆசிரியர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு மறுபடி சொல்வார். இணையத்தில் அதற்கு வழியில்லை. மாணவர் எங்கே தடுமாறுவார் என்பதை முன்கூட்டியே கணித்துப் பாடத்தை அமைக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடப் பொருள்களை எல்லோருக்கும் இலவசமாக இணையத்தில் தரப்போவதாக 2001-ல் அறிவித்தது. தமிழ் மொழியையும் பண்பாட்டையும் இணையவழியில் கற்பிக்கும் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் சென்னையில் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். 2003-ல் தொடங்கியது. மத்திய அரசின் ‘ஸ்வயம்’ தளம் 2017 ஜூலையில் வந்தது. காணொளி, படிப்பதற்கான பாடக்குறிப்பு, ஐயம் கேட்கும் விவாதப் பகுதி, தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் வினாக்கள் என்ற நான்கும் ஒரு பாடத்தில் இருக்க வேண்டும் என்பது ஸ்வயம் வகுத்திருக்கும் முறை.

சிறு பகுதிகளாகப் பிரித்தல்

புதிய செய்திகளைக் கையாளும் செயல்நிலை நினைவு ஒரு நேரத்தில் சிலவற்றை மட்டுமே தாங்கும். ஆஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1980-களில் முன்வைத்த அறிதல் சுமைக் கோட்பாட்டின் அடிப்படை இதுதான். இணையவழிப் பாடங்களை வழங்கும் எட்எக்ஸ் தளத்தின் நான்கு பாடங்களில் பதிவான 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்து 2014-ல் ஓர் ஆய்வு வெளியானது. காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர் அதைப் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று அது காட்டியது.

எனவே ஒரு காணொளியில் ஒரு கருத்து மட்டும் இருப்பது நல்லது. ஒளிச்சேர்க்கை பற்றிய பாடத்தை மூன்றாகப் பிரிக்கலாம்: பச்சையம் ஒளியை ஈர்ப்பது முதல் பகுதி, நீர் பிளந்து ஆக்சிஜன் வெளியேறுவது இரண்டாவது, கார்பன் டை ஆக்சைடு சர்க்கரையாக மாறுவது மூன்றாவது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் இரண்டு வினாக்கள் போதும். வெளியேறும் ஆக்சிஜன் நீரிலிருந்து வருகிறதா, கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறதா என்று கேட்டால், மாணவர் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

படங்களுக்கும் நெறிமுறை உண்டு. படத்தைக் காட்டிக்கொண்டே வாயால் விளக்குவது, படத்தின் பக்கத்தில் பத்தி பத்தியாக எழுதி வைப்பதைவிட நன்றாகப் பதிகிறது என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் மேயர் பல சோதனைகளில் கண்டார். பாகங்களின் பெயர்களை அந்தந்தப் பாகத்தை ஒட்டியே எழுத வேண்டும். பாடத்துக்குத் தொடர்பில்லாத அலங்காரப் படமும் பின்னணி இசையும் கவனத்தைக் கலைக்கும்.

கோப்பின் அளவு

1920 x 1080 பிக்சல் கொண்ட ஒரு சட்டகத்தில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்கு மூன்று பைட் வீதம் 62 லட்சம் பைட். விநாடிக்கு 25 சட்டகம் என்றால், சுருக்கப்படாத 10 நிமிடக் காணொளி சுமார் 93 ஜி.பி. இருக்கும். ஹெச்.264 போன்ற சுருக்க முறைகள், ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மாறிய பகுதியை மட்டும் பெரும்பாலும் சேமிக்கின்றன. கரும்பலகையோ ஸ்லைடோ அசையாமல் நிற்கும் பாடக் காணொளியில் மாற்றம் மிகக் குறைவு. அதனால் விநாடிக்கு 10 லட்சம் பிட் என்ற அளவிலேயே அது தெளிவாகத் தெரியும். 10 நிமிடத்துக்கு சுமார் 75 எம்.பி. ஆகும். தினசரி டேட்டா அளவோடு கைப்பேசியில் படிக்கும் மாணவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. ஒலியை மட்டும் தனிக் கோப்பாகத் தந்தால் அளவு இன்னும் குறையும்.

தேடக்கூடிய எழுத்து

ஏ4 பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால், சுருக்குவதற்கு முன் அது சுமார் 26 எம்.பி. இருக்கும். யூனிகோடில் தட்டச்சு செய்த தமிழில் ஒரு குறிக்கு வழக்கமாக மூன்று பைட் ஆகிறது. ‘அம்மா’ என்ற சொல்லில் அகரம், மகரம், புள்ளி, மகரம், துணைக்கால் என ஐந்து குறிகள். மொத்தம் 15 பைட். ஆயிரம் சொற்கள் கொண்ட பாடக்குறிப்பு முழுவதும் சில பத்து கே.பி.க்குள் அடங்கிவிடும்.

அளவு சிறியதாக இருப்பதோடு, அந்தக் குறிப்பில் சொல்லைத் தேடலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதை உரக்கப் படிக்கும். ஸ்கேன் செய்த பக்கம் கணினிக்கு வெறும் படம்தான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தயாரித்த குறிப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அவற்றை ஏற்றுவதற்கு முன்பே யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும்.

பதிவேற்றம்

பெரிய கோப்புகளைப் பல தளங்கள் துண்டு துண்டாக வாங்கிக்கொள்கின்றன. இணைப்பு நடுவில் அறுந்தால், விட்ட துண்டிலிருந்து தொடரலாம். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண் இரு முனைகளிலும் ஒன்றாக இருந்தால் கோப்பு சிதையாமல் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

மார்ட்டின் டௌகியாமஸ் ஆஸ்திரேலியாவில் உருவாக்கி 2002-ல் முதல் பதிப்பு வெளியான ‘மூடுல்’ என்ற இணையவழிக் கற்பித்தல் மென்பொருளை உலகெங்கும் கல்லூரிகள் பயன்படுத்துகின்றன. இத்தகைய எண்ணை வைத்தே அது கோப்புகளை அடையாளம் காண்கிறது. ஒரே கோப்பைப் பத்துப் பாடங்களில் ஏற்றினாலும் சர்வரில் ஒரு படிதான் இருக்கும். மூடுல் இயங்கும் பி.ஹெச்.பி. மொழியில் கோப்பு அளவுக்கான இயல்பு வரம்பு 2 எம்.பி. மட்டுமே. நிர்வாகி அதை உயர்த்தி வைக்காவிட்டால் சாதாரண ஸ்லைடு தொகுப்புகூட ஏறாது.

கோப்புப் பெயர் பாட எண்ணையும் தலைப்பையும் காட்ட வேண்டும். ‘புதியது’, ‘இறுதி’ போன்ற பெயர்கள் அடுத்த பருவத்தில் குழப்பத்தையே தரும். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று விளக்கம் எழுத வேண்டும். காணொளிக்கு வசனவரி சேர்க்க வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு அணுகல் நெறிமுறை. பிறர் படத்தை எடுத்தாளும்போது உரிமத்தைப் பார்ப்பதும், சொந்தப் பாடத்துக்கு எந்த உரிமம் என்று குறிப்பிடுவதும் கட்டாயம்.

ஏற்றியபின் ஆசிரியர் மாணவர் கணக்கில் நுழைந்து, விலை குறைந்த கைப்பேசி ஒன்றில், வைஃபையை அணைத்துவிட்டு, பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்க்க வேண்டும். காணொளி ஓடி, எழுத்து தெரிந்து, வினாவுக்கு விடை பதிவானால்தான் அந்தப் பாடம் தயார்.