சிறுநீரகமும் இருதயமும்

இருதயம் செலுத்தும் குருதியில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு சிறுநீரகங்களுக்கே செல்கின்றது. ஆதலின் ஒன்றின் கேடு மற்றதையும் பற்றுகின்றது.

இலண்டன் கைஸ் வைத்தியசாலை மருத்துவர் றிச்சட் பிறைற், நோயாளரின் சிறுநீரைக் கரண்டியிலிட்டு மெழுகுவர்த்திச் சுடரிற் சூடாக்கினார். முட்டை வெண்கருபோல் அது திரைந்தால், புரதம் கசிகின்றதென அறிந்தார். இத்தகையோர் இறந்தபின் சோதித்தபோது, பலரின் சிறுநீரகம் பழுதுற்றும் இருதயம் பருத்தும் இருந்தன. இதனை அவர் 1836ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

காரணம் யாது? பழுதுற்ற சிறுநீரகம் உப்பையும் நீரையும் போதியளவு வெளியேற்றாது, குருதி அமுக்கம் உயரும், அதனை எதிர்த்துழைக்கும் இருதயச் சுவர் தடிக்கும், நாடிகளும் கடினமுறும். சிறுநீரகம் முற்றாகச் செயலிழக்குமுன்னரே இருதய நோயால் மடிவோர் பலர்.

தொடக்கத்தில் வலி தோன்றாது. நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ உள்ளவர் ஆண்டுதோறும் சிறுநீரையும் குருதியையும் பரிசோதிப்பித்தல், இருதயத்திற்கும் காவலாகும்.