மூன்று மஞ்சள் விளக்குகள்

பழைய லேண்ட் ரோவர் டிஸ்கவரி 2 வைத்திருப்பவர் யாரானாலும் என்றாவது ஒருநாள் இதைப் பார்த்திருப்பார். வண்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே டாஷ்போர்டில் மூன்று மஞ்சள் விளக்குகள் ஒன்றாக எரியும். ஒன்று பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், இன்னொன்று சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல், மூன்றாவது இறக்கத்தில் வண்டியைப் பிடித்து இறக்கும் ஹெச்டிசி. உரிமையாளர்கள் இந்த மூவருக்கும் 'த்ரீ அமிகோஸ்' என்று பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். 1998 முதல் 2004 வரை இங்கிலாந்தின் சோலிஹல்லில் தயாரான இந்த வண்டிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை பலவும் இந்தக் கோளாறோடுதான் ஓடுகின்றன. சரிசெய்யக்கூடிய கோளாறு இது, பெரும்பாலும் சின்னச் செலவில். அதனால்தான் பொறுமையாக உட்கார்ந்து பேசலாம் என்கிறேன். டீ ஆறினாலும் பரவாயில்லை.

முதலில் பயத்தைப் போக்கிவிடுவோம். விளக்கு எரிவதால் பிரேக் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பெடலை மிதித்தால் ஆயில் அழுத்தம் வழக்கம்போல் நான்கு சக்கரங்களுக்கும் போகும். கணினி தான் பார்த்துவந்த கூடுதல் வேலையை நிறுத்திக்கொண்டு, நிறுத்திவிட்டதை விளக்குப் போட்டுச் சொல்கிறது. ஈரச் சாலையில் அழுத்தி மிதித்தால் இனி சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே மெதுவாக, இடைவெளி விட்டு ஓட்டுங்கள். கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் அங்கேயே ஓரங்கட்டிவிடுங்கள்.

சாதாரணக் காரில் ஏபிஎஸ் இல்லாவிட்டால் பிரேக் பிடிப்பதில் மட்டும்தான் குறை. இந்த வண்டியில் அப்படி இல்லை. டிஸ்கவரி 2-இன் தொடக்க ஆண்டு வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் விசையைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டும் லீவரே கிடையாது. ஒரு சக்கரம் சேற்றில் வீணாகச் சுற்றினால், கணினி அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். இன்ஜின் விசை, பிடிப்புள்ள சக்கரங்களுக்குத் திரும்பும். லோ ரேஞ்சில் செங்குத்தான இறக்கத்தில் ஹெச்டிசி செய்வதும் இதேபோல் பிரேக் போட்டு வேகத்தைக் கட்டுப்படுத்துவதுதான். எல்லாவற்றுக்கும் ஒரே பம்ப், ஒரே வால்வுத் தொகுதி, ஒரே கணினி. எனவே ஏபிஎஸ் படுத்தால், காட்டுப்பாதைக்கென்றே வாங்கிய வண்டி ஒரு சேற்றுக் குழியில் நின்றுவிடும். 'பிரேக் பிடிக்கிறதே, விளக்கு எரிந்தால் எரியட்டும்' என்று விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

சிக்கல் எங்கே என்றால், கோளாறு எந்த மூலையில் இருந்தாலும் எரிவது அதே மூன்று விளக்குகள். அதனால் ஊகத்தில் பாகம் வாங்குகிற பழக்கம் வந்துவிடுகிறது. விளக்கு எரிந்தது, மெக்கானிக் வால்வுத் தொகுதியையே மாற்றச் சொன்னார், பெரிய தொகை செலவானது, மறுவாரம் விளக்கு மறுபடி எரிந்தது. இந்தக் கதை பல வீடுகளில் நடந்திருக்கிறது. முதலில் கணினியில் பதிவான கோளாறுக் குறியீட்டை, அதாவது கோட்டை, கருவியால் படிக்க வேண்டும், பிறகு அளக்க வேண்டும், வாங்குவது கடைசியில்தான். சாதாரண ஓபிடி கருவி இன்ஜினைப் பற்றித்தான் பேசும். இந்த ஏபிஎஸ் கணினியோடு பேச நானோகாம், ஹாக்ஐ போல லேண்ட் ரோவருக்கென்றே வந்த கருவி வேண்டும். கையில் இல்லையென்றால் வைத்திருப்பவரைத் தேடிப் போங்கள். அதற்கு முன் பேட்டரியையும் ஃப்யூஸையும் எர்த் ஒயரையும் பாருங்கள். வோல்டேஜ் குறைந்தாலே இந்தக் கணினி சுணங்கி விளக்கைப் போட்டுவிடும்.

கருவி காட்டுவது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: ஷட்டில் வால்வ் ஸ்விட்ச், அல்லது சக்கர சென்சார்.

ஷட்டில் வால்வைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இந்த வண்டியின் பேர்போன நோய் அதுதான். டிராக்‌ஷன் கண்ட்ரோலும் ஹெச்டிசியும் வேலை செய்யும்போது, ஓட்டுநர் பெடலைத் தொடாமலே பம்ப் பிரேக் போடுகிறது. அந்த நேரத்தில் ஓட்டுநரும் மிதித்தால் கணினிக்கு உடனே தெரிய வேண்டும். அதற்காக வாப்கோ தயாரித்த அந்த வால்வுத் தொகுதிக்குள் இரண்டு சிறு வால்வுகள் இருக்கின்றன. பெடலை மிதித்ததும் ஆயில் அழுத்தத்தில் அவை நகர்ந்து ஆளுக்கொரு ஸ்விட்சை அழுத்தும். பிரேக் பெடலில் இருக்கும் ஸ்விட்ச் சொல்வதையும் இவை சொல்வதையும் கணினி ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எதையும் நம்பாமல் அத்தனையையும் அணைத்துவிடுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஸ்விட்சிலிருந்து தொகுதியின் பெரிய கனெக்டருக்கு மின்சாரம் போகும் உள் இணைப்பு காலப்போக்கில் லூஸ் கான்டாக்ட் ஆகிவிடுகிறது. வால்வும் பம்பும் நன்றாக இருக்கும். நடுவில் ஓர் இணைப்பு விட்டுவிட்டுத் தொடும். அதனால்தான் விளக்கு இன்று எரிந்து நாளை அணைகிறது.

சரிசெய்ய இரண்டு வழிகள் வழக்கத்தில் உண்டு. ஸ்விட்ச் பகுதி தொகுதியோடு சில திருகுகளால் மட்டும் பிணைந்திருக்கிறது. பிரேக் குழாயைத் திறக்காமலே அதைக் கழற்றிப் புதிது போடலாம். இது முதல் வழி. 'ஆப்ஷன் பி' என்று அழைக்கப்படும் இரண்டாவது வழியில், ஸ்விட்சிலிருந்து புதிதாக இரண்டு ஒயர் இழுத்து, பழுதாகும் உள் இணைப்பைத் தவிர்த்துவிட்டு, கணினிக்குப் போகும் ஒயரோடு நேரே சேர்ப்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். பழுதின் வேரையே அது தொடுகிறது. செலவு ஒயருக்கும் ஈயத்துக்கும் மட்டுமே. ஆனால் சால்டரிங் சுத்தமாக இருக்க வேண்டும், ஒட்டிய இடத்தில் தண்ணீர் புகாதபடி சுருங்கு குழாய் போட வேண்டும். இதற்கெல்லாம் முன், பெடல் ஸ்விட்சை ஒருமுறை சோதித்துவிடுங்கள். பிரேக் விளக்கு தாமதமாக எரிந்தாலோ விட்டுவிட்டு எரிந்தாலோ, குற்றவாளி அதுவாகவே இருக்கலாம்.

சக்கர சென்சார் வேறு விதம். சைக்கிள் டைனமோவின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். காந்தமும் கம்பிச் சுருளும் அசையாமல் இருக்க, அவற்றின் முன்னே பல் வளையம் சுற்றும். ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு சிறு மின் அலை பிறக்கும். வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையிலான மயிரிழை இடைவெளி கூடினால் அலை பலமிழக்கும். துரு படிந்தாலும் கூடும், பேரிங் தேய்ந்து ஆடினாலும் கூடும். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் பிரிட்டனில் இது அதிகம். வண்டியை உயரமான ஸ்பிரிங் போட்டுத் தூக்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அச்சு கீழே தொங்கும்போது சென்சார் ஒயர் விறைத்து உள்ளுக்குள் அறுந்துபோகும், வெளியே ரப்பர் முழுசாகவே தெரியும்.

அளப்பது எளிது. சென்சாரின் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வையுங்கள். ஏறத்தாழ 1,000 ஓம் காட்ட வேண்டும். அதைவிட முக்கியம், நான்கு சக்கரமும் ஒன்றுபோலக் காட்ட வேண்டும். பிறகு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கையால் சுற்றி ஏசி வோல்டேஜ் வருகிறதா என்று பாருங்கள். சுற்றும்போதே ஒயரைப் பிடித்து ஆட்டுங்கள். அளவு துள்ளினால் கண்டுபிடித்துவிட்டீர்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? அப்படியென்றால் சென்சாரை விட்டுவிட்டு ஹப்பை மாற்ற வேண்டும். இந்த வண்டியில் ஹப், பேரிங், சென்சார் மூன்றும் ஒரே தொகுதி. நடு நட்டை 490 நியூட்டன் மீட்டர் முறுக்கத்துக்கு இறுக்க வேண்டும், பழைய நட்டைத் திரும்பப் போடக் கூடாது. இது வீட்டு வாசலில் சின்ன ஸ்பானரோடு செய்கிற வேலை இல்லை. ஹப் வாங்கும்போது மட்டும் கையைச் சுருக்காதீர்கள். மலிவு ஹப்பின் சென்சார் சீக்கிரமே செத்து, இத்தனை பாட்டையும் மறுபடி படவைக்கும்.

வால்வுத் தொகுதியையே கழற்ற நேர்ந்தால், உள்ளே ஏர் புகும். பெடலை மிதித்து மட்டும் அதை எடுக்க முடியாது, பம்பை ஓடவிட்டு வெளியேற்ற நானோகாம் போன்ற அதே கருவி வேண்டும்.

விளக்கின் பல்பைக் கழற்றி வண்டியை விற்பவர்கள் உண்டு. இது வாங்குகிறவர் உயிரோடு விளையாடுவது. பிரிட்டனின் எம்ஓடி வாகனத் தகுதிச் சோதனையில் ஏபிஎஸ் விளக்கு கோளாறு காட்டினால் வண்டி தேறாது. வாங்கப் போகிறவர் சாவியைத் திருப்பியதும் மூன்று விளக்குகளும் ஒருமுறை எரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். எரியவே இல்லையென்றால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் கோட்களை அழித்து, ஆளில்லாத சரளைப் பாதையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பெடலை ஓங்கி மிதியுங்கள். பாதத்துக்கடியில் பெடல் துடித்து, வண்டி நேராக நிற்க வேண்டும். அடுத்து லோ ரேஞ்சில் ஒரு சரிவில் ஹெச்டிசியைப் போட்டு, இரண்டு பெடலிலிருந்தும் காலை எடுத்துவிட்டு இறங்கிப் பாருங்கள். பின்னால் ஒருவரை நிறுத்தி, கணினி பிரேக் போடும்போது பிரேக் விளக்கு எரிகிறதா என்று கேளுங்கள். கடைசியாக, கருவியை மாட்டி மறுபடி படியுங்கள். புதிய கோட் எதுவும் பதிவாகாமல் இருந்தால்தான் வேலை முடிந்தது என்று கணக்கு.