தோண்டியதும் கொட்டியதும்

புதிதாக வீடு கட்ட நிலம் பார்க்கிறவர்களுக்கு மனையடி சாஸ்திரம் ஒரு பரீட்சை சொல்லியிருக்கிறது. மனையின் நடுவே முழ அளவில் ஒரு குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு நிரப்ப வேண்டும்; குழி நிரம்பியது போக மண் மிஞ்சினால் அந்த மனை உத்தமம், சரியாக நிரம்பினால் மத்திமம், மண் போதாமல் குழி குறைந்து நின்றால் அதமம் என்பது விதி. இதில் நம்பிக்கை எவ்வளவு, அனுபவ ஞானம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க விரும்புகிறவர்கள், மண் மிஞ்சுவதற்குக் காரணம் அதன் இறுக்கமே என்பதைக் கவனித்தால் போதும். யுகயுகமாக அழுந்திக் கெட்டிப்பட்டுக் கிடந்த நிலம், மண்வெட்டி பட்டதும் தளர்ந்து, கட்டிக்கும் கட்டிக்கும் நடுவே காற்றை வாங்கிக்கொண்டு பருத்துவிடுகிறது. அப்படிப் பருக்கிற நிலத்தில்தான் அஸ்திவாரம் அசையாமல் நிற்கும்.

இதே சமாசாரம் பாறையில் நேரும்போது அதன் பெயர் சுரங்கத் தொழில். கெட்டிப் பாறையில் ஒரு கன மீட்டரின் எடை சுமார் 2.7 டன். அதில் துளையிட்டு, வெடி வைத்துத் தகர்த்து, லாரியில் வாரிப் போடும்போது எடை அதே 2.7 டன்தான், ஆனால் அது அடைத்துக்கொள்ளும் இடம் ஏறக்குறைய ஒன்றரை கன மீட்டர். ஆகவே எந்தச் சுரங்கமானாலும், அதிலிருந்து வந்த அவ்வளவையும் திரும்ப அதற்குள்ளேயே போட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னால், அவர் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்று அர்த்தம். பள்ளம் நிரம்பிய பிறகும் ஒரு குன்று வெளியே நிற்கும்.

அந்தக் குன்று எதனால் ஆனது என்று கேட்டால், கழிவுக்கல் என்பார்கள். தாது என்பதும் கழிவுக்கல் என்பதும் ஏதோ பிரம்மா வகுத்து வைத்த இரண்டு ஜாதிகள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அவற்றைப் பிரிக்கும் கோடு பாறையில் இல்லை; உலோகத்தின் விலையிலும் யந்திரத்தின் சக்தியிலுமே இருக்கிறது. இந்த விஷயத்தை உலகத்துக்கு விளங்க வைத்தது அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில், சால்ட் லேக் நகரத்துக்கு அருகே இருக்கும் பிங்கம் கான்யன் என்ற இடம். அங்கே மலை முழுவதும் செம்பு சிறுசிறு துகளாக விரவிக் கிடந்தது. ஆனால் நூற்றுக்கு இரண்டு பங்குதான். செழிப்பான நரம்புகளை மட்டும் தேடிப் போய் வெட்டிப் பழகியிருந்த அக்காலத்துச் சுரங்கக்காரர்களுக்கு அது வெறும் கல். டானியல் ஜாக்லிங் என்ற இளம் உலோகவியலாளர், நரம்பைத் தேடுவதை விட்டுவிட்டு மலையையே நீராவி யந்திரங்களால் வாரி எடுத்து, ஒட்டுமொத்தமாக அரைத்தால் லாபம் உண்டு என்று 1899-ல் கணக்குப் போட்டுக் காட்டியபோது நகைத்தவர்கள் பலர். 1906-ல் நீராவி வாரிகள் அந்த மலையில் வேலையைத் தொடங்கின. இன்றைக்கு அந்த மலை இருந்த இடத்தில் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் அகலமும் 1.2 கிலோமீட்டர் ஆழமும் உள்ள ஒரு பள்ளம் இருக்கிறது. பிங்கம் என்ற ஊரையே அந்தப் பள்ளம் சிறுகச் சிறுக விழுங்கிவிட்டது. தாதுவில் செம்பின் பங்கு பிற்பாடு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டபோதிலும் தொழில் நிற்கவில்லை. ஜாக்லிங்குக்கு முந்திய தலைமுறை கழிவு என்று ஒதுக்கியதைவிட எளிய கல்லெல்லாம் அங்கே தாது என்ற அந்தஸ்துடன் ஆலைக்குப் போயிருக்கிறது.

இத்தகைய திறந்தவெளிச் சுரங்கத்தில், தாதுவை அடைவதற்கு எவ்வளவு கழிவுக்கல்லை அகற்ற வேண்டும் என்பதே முதல் கேள்வி. பள்ளத்தின் சுவரைச் செங்குத்தாக நிறுத்த முடியாது, நிறுத்தினால் சரிந்துவிடும். படிப்படியாகச் சாய்த்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். ஆகையால் அடியில் ஒரு மீட்டர் இறங்குவதற்கு, மேலே சுற்றுவட்டம் முழுவதையும் அகலப்படுத்தியாக வேண்டும். இதன் விளைவு எவ்வளவு விபரீதமானது என்பதை ஒரு சிறு கணக்கால் தெரிந்துகொள்ளலாம். நூறு மீட்டர் குறுக்களவுள்ள ஒரு தாதுத் தூண் பூமிக்குள் நேராக இறங்குவதாகவும், பள்ளத்தின் சுவர் 45 பாகைச் சாய்வில் நிற்பதாகவும் வைத்துக்கொள்வோம். நூறு மீட்டர் ஆழம் வரையில் தோண்டினால், ஒரு கன மீட்டர் தாதுவுக்கு மூன்று கன மீட்டருக்குச் சற்று மேலாகக் கழிவுக்கல்லை அப்புறப்படுத்த வேண்டியிருக்கும். இருநூறு மீட்டருக்குப் போனால் அது ஒன்பதுக்கு மேல் ஏறிவிடும். முந்நூறு மீட்டரில் பதினெட்டு. ஆழம் மும்மடங்காகும்போது கிடைக்கும் தாதுவும் மும்மடங்குதான். கொட்ட வேண்டிய கல்லோ பதினாறு மடங்கு. சுவரை இன்னும் சில பாகை நிமிர்த்தி நிறுத்த முடிந்தால் கோடிக்கணக்கான டன் மிச்சமாகும் என்பதால், பொறியியலாளர்கள் அந்தச் சில பாகைகளுக்காக ஓயாமல் போராடுகிறார்கள். பாறை அதை எப்போதும் அநுமதிப்பதில்லை. 2013 ஏப்ரல் 10-ஆம் தேதி இரவு பிங்கம் பள்ளத்தின் ஒரு பக்கச் சுவர் சரிந்து, ஆறு கோடி கன மீட்டருக்கு மேற்பட்ட கல் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது. சுவரின் அசைவை அளக்கும் கருவிகள் முன்கூட்டியே எச்சரித்துவிட்டதால் ஒருவருக்கும் சேதமில்லை.

படுக்கையாகப் பரவிக் கிடக்கும் பொருளுக்கு இந்தக் கஷ்டம் அவ்வளவாக இல்லை. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி அந்த வகை. அங்கே ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் மேல்மண்ணை வெட்ட வேண்டியிருக்கிறது. ஆயினும் கரிப்படுகை ஏறக்குறைய மட்டமாகக் கிடப்பதால், பள்ளம் ஆழத்தில் போகாமல் பக்கவாட்டில் நகர்ந்து செல்கிறது. முன்னால் சுழல்வாளி யந்திரம் வெட்டும் மண், கன்வேயர் பெல்ட்டில் ஏறிச் சுற்றி வந்து, பின்னால் கரி எடுத்து முடிந்த இடத்திலேயே கொட்டப்படுகிறது. முதல் பள்ளம் திறக்கும்போது எடுத்த மண்ணுக்கு மட்டும் உள்ளே இடம் இருக்காது. அது வெளியே மேடாக நிற்கும். நெய்வேலிக்குப் போகிறவர்கள் சமதளமான அந்தப் பிரதேசத்தில் எங்கிருந்து குன்று முளைத்தது என்று வியக்க வேண்டியதில்லை.

தூணாக இறங்கும் தாதுவுக்கு இந்த வழி இல்லை. ஓர் ஆழத்துக்குக் கீழே, கழிவுக்கல்லை அகற்றும் செலவு தாதுவின் விலையையே தின்றுவிடும். அந்த இடத்தில் திறந்த பள்ளத்தைக் கைவிட்டுப் பூமிக்குள் புகுந்துவிட வேண்டும். சிலி தேசத்தின் பாலைவனத்தில் 1915 முதல் செம்பு வெட்டிவந்த சுக்கிகாமாட்டா சுரங்கம், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழத்தை எட்டிய பிறகு, 2019-ல் இப்படித்தான் பள்ளத்தின் அடியிலிருந்து பாதாளத்துக்கு இறங்கியது.

பாதாளச் சுரங்கத்தின் சிக்கனத்தைக் காண அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வடஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சென்று உழைத்த கோலார் தங்கவயல் இருக்கிறது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே கால் வைத்ததிலிருந்து, 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டது வரையில், சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம் இறங்கியது. பாறையின் உஷ்ணம் அங்கே 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். பொன் இருந்த வெண்கல் நரம்போ பல இடங்களில் ஒரு மீட்டர் கனமே உடையது. இதைத் திறந்த பள்ளமாக வெட்டுவதென்றால், மேலே சொன்ன கணக்கின்படி, அந்தப் பிரதேசமே மிஞ்சாது. பாதாள முறையில் வெட்ட வேண்டிய கழிவுக்கல், நேர்க்குழிகளுக்கும் அவற்றிலிருந்து நரம்பை நோக்கிப் போகும் பக்கப் பாதைகளுக்கும் உரியதுதான். எடுக்கும் தாதுவோடு ஒப்பிட அது சாதாரணமாகச் சொற்பமே. அதையும் மேலே கொண்டுவர விரும்பமாட்டார்கள். ஏனெனில் நேர்க்குழியின் கம்பிவடம் ஒரு நாளைக்கு இவ்வளவு டன்தான் தூக்கும், அதில் ஒரு டன் கழிவு ஏறினால் ஒரு டன் தாது கீழே காத்துக்கிடக்கும். வெட்டி முடித்த வெற்றிடங்களில் கழிவைத் தள்ளிவிடுவதே லாபம்.

வெற்றிடம் அங்கே சும்மா இருப்பதுமில்லை. மூன்று கிலோமீட்டர் பாறையின் பாரம் மேலிருந்து அழுத்த, பக்கச் சுவர்கள் திடீரெனப் பீரங்கி முழக்கத்துடன் வெடித்துச் சிதறுவது கோலாரின் தீராத வியாதி. அதில் உயிரிழந்தவர்கள் பலர். இதைத் தடுக்கத் தங்கம் எடுத்த இடத்திலெல்லாம் கருங்கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். பிற்காலத்தில் கான்கிரீட்டால் அடைத்தார்கள். கல்லை மேலே தூக்குவதற்காக ஏற்பட்ட ஒரு தொழிலில், ஒழுங்காகக் கொத்திய கல்லைக் கீழே இறக்குவது அன்றாட வேலையாயிற்று.

இவ்வளவையும் படித்தவர்கள், பாதாளச் சுரங்கம் பூமியை அதிகம் புண்படுத்தாத சாது என்ற முடிவுக்கு வரக்கூடும். அங்கேதான் கோலார் வேறொரு பாடம் வைத்திருக்கிறது. பாதாளத்திலிருந்து வந்தாலும் திறந்த பள்ளத்திலிருந்து வந்தாலும், தாது என்று பெயர் பெற்ற கல் ஆலைக்குப் போனால் அதன் கதி ஒன்றுதான்: மாவாக அரைபட வேண்டும். கிளாஸ்கோவில் மாக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் 1887-ல் கண்டறிந்த சயனைடு முறைப்படி, அந்த மாவைச் சயனைடு நீரில் ஊறவைத்தால் பொன் கரைந்து நீரோடு வந்துவிடும். மாவு அப்படியே நின்றுவிடும். இரும்புத் தாதுவில் பாதிக்கு மேலே இரும்பாக இருக்கலாம், செம்புத் தாதுவில் ஒரு சதவீதம் செம்பு இருக்கலாம். பொன் விஷயத்தில் பிரிந்து போவது எடையில் ஒரு பொருட்டே அல்ல. ஆலைக்குள் போன ஒவ்வொரு டன்னும் டன்னாகவே சேறாக வெளியே வருகிறது. கெட்டிப் பாறையாக இருந்தபோது ஒரு கன மீட்டருக்கு 2.7 டன் அடங்கியது. சேறு படிந்து உலர்ந்த மணலில் ஒன்றரை டன் அடங்கினாலே அதிகம். சயனைடு மேடுகள் என்று தங்கவயல்காரர்கள் சொல்லும், உச்சி தட்டையான சாம்பல் நிறக் குன்றுகள் இப்படிப் பிறந்தவையே. வேனிற்காலக் காற்றில் அவற்றின் தூசி பறந்து வீடுகளில் படிவது அவ்வூராரின் நெடுநாளைய முறையீடு.

தாதுவின் தரம் இறங்க இறங்க இந்த மேடு எப்படி வளரும் என்பதற்குக் கோலாரின் சரித்திரமே அத்தாட்சி. ஆரம்ப வருஷங்களில் ஒரு டன் கல்லில் சராசரியாக 47 கிராம் பொன் கிடைத்தது; ஒரு கிலோ பொன்னுக்கு 21 டன் கல்லை அரைத்தால் போதும். கடைசி வருஷங்களில் டன்னுக்கு 3 கிராம்தான். ஒரு கிலோவுக்கு 333 டன். மொத்தத்தில் சுமார் 5 கோடியே 10 லட்சம் டன் அரைத்து, சுமார் 800 டன் பொன் எடுத்தார்கள். அறுபத்து நாலாயிரத்தில் ஒரு பங்கு! இந்த 800 டன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசும் சொற்பொழிவுகள் அநேகம் உண்டு; மற்ற அறுபத்து மூவாயிரத்துச் சொச்சம் பங்கைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

சேற்றை மேடாக்காமல் அணை கட்டித் தேக்குகிற இடங்களில் ஆபத்து இன்னும் பெரிது. பிரேசில் நாட்டின் புருமாடின்யு என்ற ஊருக்கு அருகே, ஓர் இரும்புச் சுரங்கத்தின் சேற்றணை 2019 ஜனவரி 25-ஆம் தேதி உடைந்தது. பார்வைக்குக் கெட்டியாகத் தோன்றிய மணல், உள்ளே தேங்கிய நீரால் கணப்பொழுதில் திரவமாக மாறிப் பாய்ந்தது; மதிய உணவு வேளையில் உணவுக் கூடத்தில் இருந்தவர்கள் உட்பட 270 பேர் மாண்டார்கள். சேற்றைக் கெட்டிக் களியாக்கிச் சிமென்ட் கலந்து, பாதாளத்தின் வெற்றிடங்களுக்கே திருப்பி அனுப்பும் முறை இப்போது பல சுரங்கங்களில் வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் முன்சொன்ன பருமன் பெருக்கம் அங்கேயும் விடுவதில்லை. ஏறக்குறைய பாதிதான் உள்ளே போகும், மறுபாதிக்கு மேலேதான் இடம் தேட வேண்டும்.

கோலாரின் சயனைடு மேடுகளில் இன்றும் டன்னுக்கு ஒரு கிராமுக்குக் குறைவாகப் பொன் தங்கியிருக்கிறது. பழைய ஆலைகளுக்குப் பிடிபடாத அந்த மிச்சம், பொன் விலை ஏறிவிட்ட இக்காலத்தில் மறுபடியும் தாதுவாகிவிட்டது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, ஏறக்குறைய ஆயிரம் ஏக்கரில் நிற்கும் 13 மேடுகளைத் திறந்தவெளி முறையில் வெட்டி எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு இசைவு தெரிவித்தது. 3,200 மீட்டர் ஆழம் போன பாதாளச் சுரங்கம், தன்னுடைய குப்பையின்மேலேயே திறந்தவெளிச் சுரங்கமாக மறுஜன்மம் எடுக்கப் பார்க்கிறது. அகற்ற வேண்டிய மேல்மண் என்று அதில் ஒன்றுமே இல்லை. மேடுகளில் இருப்பதாகக் கணக்கிடப்பட்டிருப்பது சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். டன்னுக்கு முழுசாக ஒரு கிராமே கிடைத்தாலும், அந்த எடையில் குறைவது 33 டன், அதாவது மூன்று லாரி பாரம். மற்றதெல்லாம் மறுபடியும் சயனைடு நீரில் நனைந்து சேறாக வெளியே வரும். கீழேயுள்ள பழைய பாதைகளோ பம்புகள் நின்ற நாள் முதல் வெள்ளம் நிரம்பிக் கிடக்கின்றன. ஆகவே இந்த வேலையை எடுத்துக்கொள்கிறவர்கள், முதல் மேட்டில் மண்வெட்டி வைப்பதற்கு முன்பாக, அதற்குப் பக்கத்தில் அதே அளவு இன்னொரு மேட்டுக்கு இடம் பார்த்து வைத்திருக்க வேண்டும்.