28 ஆண்டுப் பஞ்சாயத்து
மூன்று சபைகள் ஒரே சபையான கதை

சென்னை நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் இருக்கிறது. புத்தகக் காட்சிக்குப் போனவர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். அங்கிருந்து அண்ணா சாலையில் வடக்கே போனால் தேனாம்பேட்டை. அதைத் தாண்டி, மேம்பாலத்துக்கு அருகில் வலது பக்கம் திரும்பினால் கதீட்ரல் ரோடு. அங்கே மரங்களின் நடுவே உயர்ந்த கோபுரத்துடன் வெள்ளைவெளேரென்று ஒரு மாதா கோவில் நிற்கிறது. அதுதான் செயிண்ட் ஜார்ஜ் கதீட்ரல். கட்டி இருநூறு வருஷத்துக்கு மேலாகிறது.

1947 செப்டம்பர் 27, சனிக்கிழமை. அன்று அந்தக் கோவிலில் ஓர் அதிசயம் நடந்தது. பல தலைமுறையாகத் தனித்தனியே இருந்த மூன்று கிறிஸ்தவ சபைகள், தங்கள் பழைய பெயர்களை விட்டுவிட்டு ஒரே சபையாயின. அதுதான் தென்னிந்தியத் திருச்சபை. "சி.எஸ்.ஐ." என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதுவேதான்.

குடும்பம் பிரிவது சுலபம். பிரிந்த குடும்பம் மறுபடி ஒரே அடுப்பில் சமைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கஷ்டமான காரியத்தை இவர்கள் எப்படிச் சாதித்தார்கள்?

கப்பல் கொண்டுவந்த பிரிவு

கிறிஸ்தவர்களில் ரோமன் கத்தோலிக்கர் ஒரு பிரிவு. புரொட்டஸ்டண்டுகள் மற்றொரு பிரிவு. புரொட்டஸ்டண்டுகளுக்குள்ளும் பல கிளைகள் உண்டு. இங்கிலாந்து அரசாங்கத் திருச்சபையின் வழி வந்தவர்கள் ஆங்கிலிக்கன்கள். மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிடேரியன் என்று இன்னும் பல.

இந்தப் பிரிவுகள் நம் ஊரில் பிறந்தவை அல்ல. ஐரோப்பாவிலும் இங்கிலாந்திலும் எப்போதோ நடந்த சண்டைகளில் பிறந்தவை. அங்கிருந்து கப்பலேறி வந்த ஒவ்வொரு மிஷன் சங்கமும் ஒவ்வொரு ஜில்லாவில் வேலை செய்தது. திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் சங்கங்கள், நாகர்கோவிலில் லண்டன் மிஷன், மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் அமெரிக்க மிஷன். எந்த ஊரில் பிறந்தார்களோ, அந்த ஊர் மிஷனின் சபையே ஜனங்களுக்குச் சபையாயிற்று.

அதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். திருநெல்வேலிப் பெண் ஒருத்தி நாகர்கோவிலில் வாழ்க்கைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமனார் அவ்வூர்ப் போதகர். மருமகள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போகிறாள். பேரப்பிள்ளையைப் பார்க்க மாமனாரும் போகிறார். ஞாயிற்றுக்கிழமை சம்பந்திகள் எல்லாரும் ஒன்றாகக் கோவிலுக்குப் போகிறார்கள். ஆனால் அந்தக் கோவிலில் அவர் திருவிருந்து நடத்தக் கூடாது. ஏன்? அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தவர் பிஷப் அல்ல! வீட்டில் ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள் கோவிலில் வேறு வேறு. இந்த வேதனைதான் ஐக்கியத்துக்கு வித்து.

தரங்கம்பாடியில் 33 பேர்

அந்த வித்தை ஊன்றியவர்களில் முதன்மையானவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ல் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற கிராமத்தில் பிறந்தவர். 1895-ல் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தில் ஊழியத்துக்குச் சேர்ந்தார். எந்தச் சபை வாலிபரும் கூடிப் பழகும் இடம் அது. பிரிவுகளைக் கடந்து வேலை செய்ய முடியும் என்று அவர் கண்டது அங்கேதான். 1912-ல் தோர்ணக்கல் பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பிஷப் ஆனது அதுவே முதல் தடவை.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். அவர்களில் 31 பேர் இந்தியர். 1706-ல் சீகன்பால்கு ஐயர் வந்து இறங்கிய அதே கடற்கரை ஊர் அது. "இந்தப் பிரிவினைகள் நாம் உண்டாக்கியவை அல்ல, நம்மேல் சுமத்தப்பட்டவை. இவற்றை நாம் ஏன் சுமக்க வேண்டும்?" இதுதான் அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் சாரம். காங்கிரிகேஷனல்காரர்களும் பிரஸ்பிடேரியன்களும் 1908-லேயே ஒன்றாகி, தென்னிந்திய ஐக்கிய சபை என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்களும் ஆங்கிலிக்கன்களும் பேசத் தொடங்கினார்கள். 1925-ல் மெதடிஸ்டுகளும் பேச்சில் கலந்துகொண்டார்கள்.

பிஷப் வேண்டுமா, வேண்டாமா?

பேச்சு எளிதில் முடிந்துவிடவில்லை. முதல் முட்டுக்கட்டை பிஷப் பதவிதான்.

"பிஷப் கை வைத்துப் பட்டம் கொடுத்தால்தான் குரு" என்றார்கள் ஆங்கிலிக்கன்கள். "எங்களுக்குப் பிஷப்பே கிடையாது. அப்படியானால் இத்தனை காலம் எங்கள் போதகர்கள் செய்ததெல்லாம் செல்லாதா?" என்று மற்றவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதானே?

1929-ல் முதல் திட்டம் வெளியாயிற்று. திருத்தினார்கள், மறுபடி திருத்தினார்கள். இடையில் உலக யுத்தம் வந்தது. 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னையே காலியாயிற்று. 1945 ஜனவரி முதல் தேதி பிஷப் அசரியா காலமானார். நட்ட மரத்தின் கனியை அவர் காணவில்லை.

கடைசியில் கண்ட வழி இதுதான். புதிய சபையில் பிஷப் உண்டு. ஆனால் அவர் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். சட்டதிட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும். இனிமேல் குருப்பட்டம் பெறுகிறவர்கள் எல்லாரும் பிஷப் கையால் பெறுவார்கள். ஏற்கெனவே போதகராக இருப்பவருக்கு மறுபட்டம் கிடையாது, அவர் போதகரே. ஆனாலும் எந்த ஊர் சபையின் மனசாட்சிக்கும் விரோதமாக ஒரு போதகரை அதன்மேல் திணிக்கக் கூடாது. இந்த ஏற்பாடு முப்பது வருஷத்துக்கு. அதற்குப் பிறகு நிலைமையைப் பார்த்து முடிவு செய்யலாம்.

இதில் உள்ள புத்தியைக் கவனியுங்கள். "நீ இதுவரை செய்தது தப்பு" என்று யாரும் யாரையும் சொல்லவில்லை. இனி செய்ய வேண்டியதைப் பற்றி மட்டும் ஒப்பந்தம். பழையதைக் கிளறாமல், காலத்தின் கையில் கொஞ்சம் விட்டுவைத்தார்கள்.

கலவரத்தின் நடுவே

1947 ஆகஸ்டு 15-ல் சுதந்திரம் வந்தது. கூடவே பிரிவினையும் வந்தது. பஞ்சாபில் ரத்த ஆறு. டில்லியில் அகதிகள் கூட்டம். அங்கே அமைதிக்காகக் காந்திஜி பாடுபட்டுக்கொண்டிருந்தார். தேசம் இரண்டாகிச் சரியாக 43-ம் நாள், சென்னையில் மூன்று ஒன்றாயின.

கோவிலுக்குள் இடம் போதாமல் வெளியே பந்தல் போட்டிருந்தார்கள். திருவிதாங்கூர்-கொச்சி பிஷப் சி.கே. ஜேக்கப் முன்னின்று ஐக்கியத்தை அறிவித்தார். அன்று பிற்பகலிலேயே ஒன்பது பேர் புதிய பிஷப்களாக அபிஷேகம் பெற்றார்கள். மதுரை-ராமநாதபுரத்துக்குப் பிஷப்பான லெஸ்லி நியூபிகினுக்கு அப்போது வயது 37. இவர் பிஷப் இல்லாத பிரஸ்பிடேரியன் சபையிலிருந்து வந்தவர்!

புதிய சபையில் பத்து லட்சத்துக்கும் அதிகமான ஜனங்கள். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று நான்கு மொழிகள். கடல் தாண்டி யாழ்ப்பாணமும் அதில் ஒன்று. அங்கே முதல் பிஷப் சபாபதி குலேந்திரன். சென்னை பிஷப் மைக்கேல் ஹாலிஸ் முதல் தலைவர் ஆனார். 1954-ல் எச். சுமித்ரா தலைவரானார், அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே.

1950-ல் புதிய ஆராதனை முறை ஒன்றும் வகுத்தார்கள். அதில் ஒரு வழக்கம் உண்டு. திருவிருந்துக்கு முன், சமாதான வாழ்த்தைக் குருவானவர் கையால் கொடுக்க, அது ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போய்க் கோவில் முழுவதும் சுற்றிவரும். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்த பழைய வழக்கம் இது. யார் எந்தப் பழைய சபை என்று அந்தக் கைகள் கேட்பதில்லை.

வராதவர்களும் வந்தார்கள்

எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. லுத்தரன் சபைகளும் பாப்டிஸ்டுகளும் சேரவில்லை. ஆந்திராவில் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்களில் பெரும் பகுதியினர் "நாங்கள் வரமாட்டோம்" என்று நின்றுவிட்டார்கள். உலக ஆங்கிலிக்கன் சபையும் புதிய சபைக்கு உடனே முழு உறவு கொடுக்கவில்லை. வீடு சேர்ந்தது, தாய் வீடு முகம் சுளித்தது!

ஆனால் கதவைச் சாத்தவில்லை. 1975-ல் நந்தியாலும் வந்து சேர்ந்தது. தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்கு வர 28 ஆண்டு. சென்னையிலிருந்து நந்தியாலை எட்ட இன்னொரு 28 ஆண்டு.

இன்று தென்னிந்தியத் திருச்சபையில் சச்சரவே இல்லையா? உண்டு. சபைத் தேர்தல் தகராறுகள் நீதிமன்றப் படி ஏறியிருக்கின்றன. ஒன்றாகச் சேர்ந்ததோடு வேலை தீர்ந்துவிடாது. சேர்ந்த பிறகு நேர்மையாகக் குடித்தனம் நடத்துவது வேறு வேலை. அது தினமும் செய்ய வேண்டிய வேலை.

இன்னும் ஒரு செய்தி உண்டு. 2013-ல் இச்சபையில் முதல் தடவையாக ஒரு பெண் பிஷப் ஆனார். அவர் பெயர் புஷ்பா லலிதா. அவர் எந்த ஊருக்குப் பிஷப் ஆனார் தெரியுமா?

வரமாட்டோம் என்று நின்ற அதே நந்தியாலுக்கு!