கோடா, விரிசலா? பொம்மை சொல்லும் ரகசியம் தெரியுமா?

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையில் ரமணாசிரம வாசலைத் தாண்டிச் செங்கம் சாலையில் கிரிவலக் கூட்டம் நகர்கிறது. 14 கிலோமீட்டர் பாதையின் ஓரத்துக் கடைகளில் பிளாஸ்டிக் வீரர்களும் விலங்குகளும் குவிந்து கிடக்கின்றன. ஆசையாக ஒன்றை எடுக்கிறோம். தோளிலிருந்து கால்வரை ஒரு கோடு! "உடைஞ்சிருக்கே" என்று திருப்பி வைத்துவிடுகிறோம். பொறுங்கள்! அது காயமாகவே இருக்க வேண்டியதில்லை. பிறக்கும்போதே வந்த மச்சமாகவும் இருக்கலாம்!

● அந்தக் கோடு எப்படி வருகிறது தெரியுமா?
பொம்மையின் அச்சு இரண்டு எஃகுப் பாதிகளால் ஆனது. அவை இறுக மூடிக்கொண்டதும், 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகிய பிளாஸ்டிக் பேரழுத்தத்தில் உள்ளே பாய்கிறது. பாதிகள் சேரும் இடத்தில் துளி கசிந்து மெல்லிய வரப்பாக உறைகிறது. அதுதான் அச்சுக்கோடு! உடலின் இரு பக்கமும் ஒரே ஒழுங்கில் ஓடும்.

● விரல் நகமே போதும், தெரியுமா?
நகத்தால் குறுக்கே தடவுங்கள். மேடாகத் தட்டினால் அச்சுக்கோடு. பள்ளத்தில் சிக்கினால் விரிசல்! டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். விரிசல் பெரும்பாலும் திருகாணி, மூட்டு போன்ற இறுக்கமான இடத்தில் தொடங்கிக் கோணல்மாணலாக ஓடி நடுவழியில் நின்றுவிடும். உள்ளே அழுக்கு புகுந்து கறுத்திருக்கும், சுற்றிலும் வெளுத்திருக்கலாம். மெதுவாக வளைத்தால் வாய் திறக்கும். அச்சுக்கோடு திறக்கவே திறக்காது!

● ஏமாற்றும் மூன்றாவது கோடும் உண்டு, தெரியுமா?
அச்சுக்குள் பாயும் பிளாஸ்டிக், துளை வரவேண்டிய இடத்தில் இரண்டாகப் பிரிந்து, சுற்றிவந்து மறுபடி சேர்கிறது. அதற்குள் சற்றே ஆறிவிடுவதால் சேர்ந்த இடத்தில் மயிரிழைபோல் ஒரு தடம் விழுகிறது. பார்த்தால் அசல் விரிசல்! நகம் பெரும்பாலும் சிக்காது. ஆனால் பொம்மையின் பலவீனமான இடம் அதுதான். பின்னாளில் நிஜ விரிசல் அங்கேயே தொடங்கலாம்.

● இந்தியாவில் பிறந்த ஜி.ஐ.ஜோ என்னும் பொம்மை வீரர்களை வெளிநாட்டினர் தேடித்தேடி வாங்குகிறார்கள், தெரியுமா?
சென்னை எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் நிறுவனம், அமெரிக்கப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோவின் அச்சுகளைக் கொண்டே இந்த வீரர்களைத் தயாரித்தது. பல வீரர்களுக்கு இங்கே புது நிறமே கிடைத்தது! அதே நிறுவனத்துக்கு நம் பக்கத்து ராணிப்பேட்டையிலும் ஆலை இருக்கிறது. பழைய ஜோ கையில் கிடைத்தால் முதலில் கட்டைவிரல், முழங்கை, தொடைச்சந்து மூன்றையும் பாருங்கள். விரிசல் விழும் இடங்கள் அவையே. இடுப்பு தொளதொளவென்று ஆடினால் பயம் வேண்டாம்: உள்ளேயிருக்கும் ரப்பர் வளையம் இற்றிருக்கும், மாற்றிவிடலாம்!

● ஒரு பிழையே முத்திரையானது, தெரியுமா?
1964-இல் வந்த முதல் ஜி.ஐ.ஜோவின் வலது கட்டைவிரலில் நகம் தவறான பக்கத்தில் இருந்தது! பிறகு அந்தப் பிழைதான் போலிகளைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாயிற்று.

● முதுகில் இருக்கும் ஆண்டு பொம்மையின் வயதல்ல, தெரியுமா?
பல பார்பி பொம்மைகளின் உடலில் 1966 என்று பதிந்திருக்கும். அது அந்த உடல் வடிவத்துக்கு உரிமை பதிந்த ஆண்டு. அதே எண்ணைத் தாங்கிய பொம்மைகள் பல பத்தாண்டுகள் கழித்தும் விற்பனைக்கு வந்தன!

● அச்சுக்கோடே இல்லாத உருவங்களும் உண்டு, தெரியுமா?
சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். அச்சைப் பிரிப்பதில்லை, உடைக்கிறார்கள்! அதனால் ஓர் அச்சுக்கு ஒரே சிலை. கொலு மண் பொம்மைகளோ பெரும்பாலும் இரண்டு பாதி அச்சுகளில் பிறந்து, ஒட்டுத் தடம் தேய்த்து மறைக்கப்பட்டு, வண்ணம் பெறுகின்றன.

● பொம்மையைக் கெடுப்பது எது தெரியுமா?
வெயில்! புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கி நொறுங்க வைக்கும். ஜன்னலோரமும் கார் டேஷ்போர்டும் பொம்மைக்கு ஆகாத இடங்கள். விரிசல் கண்ட மூட்டைத் திருப்பாதீர்கள், அது நீளும். அச்சுக்கோட்டைச் சுரண்டாதீர்கள், சுரண்டிய பொம்மைக்குச் சேகரிப்பாளரிடம் மதிப்புக் குறையும். குழந்தை ஆசைப்பட்ட பொம்மையை "உடைஞ்சது" என்று ஒதுக்கும் முன் ஒருமுறை நகத்தால் தடவிப் பாருங்கள். நல்ல பொம்மை ஒன்றுகூட வீணாகக் குப்பைக்குப் போகக் கூடாது!